தண்ணீர் நிற்காத இடம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கா வாசலில் ஒரு மனிதர் என்னோடு சண்டைக்கு வந்தார்.

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இந்த ஊரின் பொதுப் பூங்காவில் ஒரு பக்கக் காட்டை ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லும் மண்ணும் மேடும் பள்ளமுமாக ஒரு தடம். அந்தத் தடத்தைப் போடுவதும், மழை அரித்தால் சரிசெய்வதும், ஞாயிறுகளில் வாசலில் நின்று ஒழுங்கு பார்ப்பதும் என் வேலை. இதை நான் கே.ஜி.எஃப்பில், அதாவது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், இருக்கும் என் அக்காவிடம் முதன்முதலில் விளக்கியபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மேஸ்திரின்னு சொல்லு" என்றாள். அதற்குமேல் சரியாக என்னாலும் சொல்ல முடியவில்லை.

வாசலில் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் கழுவித்தான் உள்ளே விடவேண்டும். மரங்களின் வேரை அழுக வைக்கிற ஒரு நோய் இங்கே சக்கரச் சேற்றோடு காடு மாறிப் போய்விடுகிறது. அன்று நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பிய அந்த மனிதர் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். வடக்குச் சரிவில் நான் புதிதாகப் போட்டிருக்கும் வளைவு அவருக்குப் பிடிக்கவில்லை. "அங்கே ஒன்றுமே இல்லையே! வெறும் தரை. நேராக விடாமல் எதற்கு எங்களைச் சுற்ற வைக்கிறாய்?" என்றார்.

"மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்பதில்லை" என்றேன்.

"அது நல்லதுதானே?"

"சுற்றிலும் எல்லா இடத்திலும் நிற்கிறது. அங்கே மட்டும் நிற்கவில்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "யா, நா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். இந்த ஊர்க்காரர்கள் ஆமாம், இல்லை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வந்த புதிதில் இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாளைக்கு வேலைக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு மேலதிகாரி "யா, நா" என்றார். வரவேண்டாம் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் காட்டின் நடுவில் இரண்டு மணி நேரம் எனக்காகக் காத்திருந்தாராம். இன்றைக்கும் அது ஆமாமா, இல்லையா என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

நான் அந்த மனிதரிடம் சொன்ன பதில் என்னுடையது அல்ல. என் அக்கா கௌதமி சொன்னது. கே.ஜி.எஃப்பின் பாலகாட் பகுதியில் நாங்கள் போட்ட தடத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் முடிந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

கே.ஜி.எஃப் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தங்கம். எங்களுக்கு ஷிஃப்ட், சைரன், சைனைட் மேடு. சைனைட் கலந்து பொன்னைப் பிரித்து எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் நிற மண் மலைமலையாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றுத் தட்டுவரைக்கும் வரும். அதைத் தடுக்கத்தான் பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கும் மேட்டுக்கும் நடுவே இருந்த நிலத்தில் மரம் நட்டு, அதைப் பொதுப் பூங்கா என்று சர்க்கார் ஏட்டில் எழுதினார்கள். பெஞ்சோ ஊஞ்சலோ கிடையாது. வேலமும் தைலமரமும் புதரும்தான். ஆனால் ஊரில் எல்லாரும் அதைப் 'பார்க்கு' என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் அப்பாவை நைனா என்போம். அவர் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை செய்தவர். அக்காவின் கணவரும் சுரங்கத்தில்தான் இருந்தார். சுரங்கத்தை மூடியபோது ஊரில் ஆண்கள் பலர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுத்த மாதமே பெங்களூர் கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். விடியுமுன் எழுந்து, பார்க்கின் குறுக்கே நடந்து, ஸ்டேஷனில் ரயில் பிடித்து, ராத்திரி அதே வழியாகத் திரும்புவாள். இருபத்திரண்டு வருடம் இப்படிப் போய் வந்தாள். என்னைப் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான். நான் சர்வே படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் ரோடு கம்பெனிகளில் அலைந்து, பிறகு விமானம் ஏறினேன். அவள் அதே பாதையில் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற காலத்தில்தான் ஜீப்புகள் வர ஆரம்பித்தன. பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வந்து, பார்க்கிலும் சைனைட் மேட்டிலும் ஏறி இறங்குவார்கள். அவர்களை அழைத்து வருவது ஆண்டர்சன்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாபு. முப்பத்தைந்து வயது இருக்கும். ஜீப்பைப் பிரித்து உயரம் கூட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரன். கடையில் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். இதெல்லாம் எங்கள் ஊரில் சாதாரணம் இல்லை.

முதலில் தூசி, சத்தம் என்று லைன் பெண்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருநாள் விடியற்காலையில், சூரிய உதயம் பார்க்க மேட்டுக்குப் போன ஒரு ஜீப், ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்த பெண்கள் நடுவே வந்துவிட்டது. தங்கை முறையாகும் ஒரு பெண்ணை வழியனுப்ப அக்காவும் கூட நடந்திருக்கிறாள். அந்தப் பெண்ணை இழுத்துத் தள்ளிவிட்டு இவள் பாறைமேல் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. வண்டி நிற்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு லைன் பெண்கள் முப்பது பேர் மண்வெட்டியோடு போய், வண்டி வரும் வழியில் இடுப்பளவுக்குப் பள்ளம் வெட்டினார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு பாபுவின் ஆட்கள் அதை மூடினார்கள். இவர்கள் மறுபடி வெட்டினார்கள். போலீஸ் வந்து இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிவிட்டுப் போனது. அக்கா மாவட்ட அலுவலகம் இருக்கும் கோலாருக்குப் போய், பூங்காவில் வண்டிகளைத் தடைசெய்ய வேண்டும் என்று மனு கொடுத்தாள். மனுவுக்கு எண் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஃபோன் வந்தது.

"இன்னாடா தம்பி, நீ அங்க வண்டிக்காரனுங்களுக்கு ரோடு போடறே இல்ல?"

"ரோடு இல்லக்கா, தடம்."

"ஏதோ ஒண்ணு. அவனுங்கள எப்டி அடக்குறதுன்னு உனக்குத்தானே தெரியும்? லீவு போட்டுக்கினு வா. நான் பள்ளம் தோண்டறேன், அவன் மூடுறான். எத்தினி நாளிக்கு இது? யாராவது ஒர்த்தன் பைக்கோட அதுல வுழுந்து செத்தா, அந்தப் பாவம் எனக்குத்தானே?"

கை உடைந்தவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். அவள் கட்டை அவிழ்ப்பதற்குள் நான் பாலகாட்டில் இருந்தேன்.

3

மகளையும் கூட்டிப் போனேன். யாழினி அப்போது பள்ளி முடித்துக் கல்லூரி தொடங்கக் காத்திருந்தாள். மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. யாழினிக்கு வர விருப்பமில்லை. பத்து வருடத்துக்கு முன் வந்தது, அவள் நினைவில் கொசுவும் தூசியும்தான் இருந்தன. "உங்க ஊர்ல நான் என்ன செய்றது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த 'உங்க ஊர்' எனக்குள் கொஞ்சம் குத்தியது. அவளுடைய நண்பர்கள் அவளை 'யாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். தன் பெயரில் இருக்கும் ழகரத்தை அவளாலேயே சொல்ல முடியாது, யாளினி என்பாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, பைக். பன்னிரண்டு வயதிலிருந்து என் பூங்காவில் அவள் பைக் ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள்.

போன மறுநாளே நான் வேலையை ஆரம்பித்தேன். வண்டிகளைத் தடுத்து நிறுத்திய ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. ஓட்ட ஓர் இடம் கொடுத்தால்தான் மற்ற இடங்கள் தப்பும். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. "அவனுங்கள நிறுத்த வழி கேட்டா, நீ அவனுங்களுக்குக் கல்யாணப் பந்தல் போடறியா?" என்றாள். இரண்டு நாள் பேசினேன். நடக்கிறவர்களுக்குத் தனிப் பாதை, வண்டிக்குத் தனித் தடம், இரண்டும் எங்கேயும் வெட்டிக்கொள்ளாது, சைனைட் மேட்டில் ஒரு சக்கரம்கூட ஏறாது என்றேன். கடைசியில், "சரி, வரைஞ்சு காட்டு. பாக்கிறேன்" என்றாள்.

கையில் சரிவு அளக்கும் கருவி, ஃபோனில் வரைபடம், தலையில் ஆஸ்திரேலியத் தொப்பி. ஐந்து நாள் பார்க்கு முழுக்கச் சுற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் போட்ட கோடுகளிலேயே அழகானது அது. தெற்கு மூலையில் நுழைந்து, மரங்களுக்கு நடுவே நெளிந்து ஏறி, உச்சியில் ஒரு நீண்ட நேர்த்தடம். அங்கே நின்றால், சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் பழைய ஷாஃப்டுகளின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். வண்டியில் வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தலைநிமிர்ந்து பார்க்கட்டும் என்று அந்த நேர்த்தடத்தை ஆசையாகப் போட்டேன்.

அக்கா வரைபடத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட கையின் விரலால் அந்த நேர்த்தடத்தின் நடுவில் குத்தினாள்.

"இங்க போவாது."

"ஏன்?"

"போவாதுன்னா போவாது. சுத்திக்கினு போவணும்."

நான் அவளை அந்த இடத்துக்கே கூட்டிப் போனேன். இறுகிய தரை. ஒரு வேலமரம், கொஞ்சம் புல். காலால் ஓங்கி மிதித்துக் காட்டினேன். பழைய சுரங்க வரைபடம் ஒன்றின் நகல் என்னிடம் இருந்தது. அதில் ஷாஃப்ட் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. அதையும் காட்டினேன்.

"நைனா ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

"நைனா ஒண்ணும் சொல்லல. என் கால் சொல்லிச்சு" என்றாள். "இருபத்திரண்டு வருசம் இந்த வழியா நடந்துகீறேன். மழைக்காலத்துல பார்க்கு பூரா சேறு. செருப்பக் கையில எடுத்துக்கினுதான் போவணும். இந்த எடத்துக்கு வந்தா மட்டும் செருப்பப் போட்டுக்குவோம், அவ்ளோ காஞ்சு கெடக்கும். எல்லாரும் நல்ல எடம், நல்ல எடம்னாளுங்க. எனக்கு மட்டும் மனசு ஒப்பல. தண்ணி எங்கடா போவுது? நீயே சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எத்தனையோ வருடம் இதே வேலை செய்து, சான்றிதழ் வாங்கி வந்தவனிடம், செருப்பை வைத்து வாதாடுகிறாளே என்று கோபம் வந்தது. "இப்படியெல்லாம் பார்த்தால் இந்த ஊரில் எங்கேயும் கால் வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. வெட்கமாக இருந்தாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மூன்றாம் நாள் அவளே பாபுவை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் வாசலிலேயே நின்றான். கட்டுப்போட்ட அவள் கையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, அந்த வண்டி என் கஸ்டமருதுதான். அன்னிக்கி நான் கூட வரல. வந்திருந்தா நிறுத்தாம போயிருக்க மாட்டாங்க. என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றான்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். ஒன் ஜீப்புல மூணு டிரம் தண்ணி எடுத்துக்கினு வா" என்றாள் அக்கா.

முதல் டிரம்மை ஐம்பது அடி தள்ளி, சாதாரண தரையில் கவிழ்த்தோம். தண்ணீர் பரவி, சரிவில் ஓடி, ஒரு குழியில் தேங்கியது. இரண்டாவதை அவள் காட்டிய இடத்தில் கவிழ்த்தோம். கொஞ்ச நேரம் தேங்கி நின்றது. பிறகு வேலமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கை அகலத்தில் சின்னதாகச் சுழித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் உள்ளே போய்விட்டது. மூன்றாவது டிரம்மையும் பாபு அதே இடத்தில் ஊற்றினான். அதுவும் போனது. அப்போது கீழே, மிக ஆழத்தில், சிறு கற்கள் உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது.

யாழினி என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். பாபு ஜீப்பை எடுக்கப் போனான். அக்கா, "டேய், ஸ்டார்ட் பண்ணாத. தள்ளிக்கினு வா" என்றாள். நாங்கள் நாலு பேரும் ஜீப்பை மெல்லத் தள்ளிக்கொண்டே அந்த இடத்தைவிட்டு வந்தோம்.

அன்று மாலை நான் கோட்டை அழித்து மறுபடி வரைந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் எங்கெங்கே செருப்பு நனையாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நேர்த்தடம் போய், முப்பதடி விலகி வளைந்து போகும் தடம் வந்தது.

4

கோலாரில் அலுவலகத்துக்கு நாலு முறை போனோம். முதல் முறை, இது ரோடா பார்க்கா என்று கேட்டார்கள். ரோடு என்றால் ஒரு மேசை, பார்க்கு என்றால் வேறு மேசை. இரண்டும் இல்லை, பார்க்குக்குள் வண்டித் தடம் என்றோம். அப்படி ஒரு மேசை இல்லை. கடைசியில் ஒரு குமாஸ்தா அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார். அக்கா ஏற்கெனவே கொடுத்த மனுவுக்கு ஒரு எண் இருக்கிறதே, அதே கோப்பில் இதையும் சேர்த்துவிடலாம் என்றார். அதனால், பாலகாட் பூங்காவில் வண்டி ஓட்ட அனுமதி தரும் காகிதம், 'பாலகாட் பூங்காவில் வண்டிகளைத் தடைசெய்வது குறித்து' என்ற தலைப்பில் இன்றுவரை இருக்கிறது.

நாலாவது முறை பெரிய அதிகாரியைப் பார்க்க முடிந்தது. இளம் வயது, சுறுசுறுப்பானவர். நான் என் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். என் கன்னடம் துருப்பிடித்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒரு ஆங்கில வார்த்தை வந்து விழுந்தது. அவர் சான்றிதழ்களை மரியாதையாகப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டு, வரைபடத்தை விரித்தார். எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"இங்கே ஒன்றும் இல்லையே. ஏன் இந்த வளைவு?"

நான் அக்காவைப் பார்த்தேன். கார்மெண்ட்ஸில் நூறு பேருக்கு சூப்பர்வைசராக இருந்து பேசிப் பழகிய கன்னடம் அவளுடையது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மழை, சேறு, செருப்பு, மூன்று டிரம் தண்ணீர், கற்கள் விழுந்த சத்தம். பிறகு பேனாவை வாங்கி, வரைபடத்தில் மேலும் ஐந்து இடங்களில் வட்டம் போட்டாள். அதிகாரி எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "தடத்தை வடிவமைத்தவர் இங்கே கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். அதற்குள் அவர் காகிதத்தை அக்காவின் பக்கம் திருப்பியிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"தகுதின்னு ஒரு எடம் கீதே, அதுல இன்னா எழுதறது?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

அதிகாரிக்குத் தமிழ் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "இருபத்திரண்டு வருடம் என்று எழுதுங்கள்" என்றார்.

கட்டு அவிழ்த்த கையால் மெதுவாக எழுதினாள். நான் வெளிநாட்டில் வாங்கிய எந்தச் சான்றிதழும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது வந்த பெருமையை எனக்குத் தந்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

5

ஒரு வருடத்துக்குச் சோதனை அனுமதி கிடைத்தது. ஞாயிறு மட்டும், காலை பத்திலிருந்து மாலை நாலுவரை. மேட்டில் ஏறக்கூடாது. பராமரிப்பு ஊர்க்காரர்கள் பொறுப்பு. என் விடுப்பைச் சம்பளமில்லாமல் இன்னும் நாலு வாரம் நீட்டிக்கொண்டேன்.

பள்ளம் வெட்டிய பெண்களும் பள்ளம் மூடிய ஆட்களும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்ததை நான் பார்த்தேன். முதல் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மழைநீர் தடத்தில் ஓடி அரிக்காமல் இருக்க, குறுக்கே சாய்வாகச் சின்னச் சின்ன மேடுகள் போடவேண்டும். அதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது, லைன் பெண் ஒருத்தி பாபுவின் ஆளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, "தள்ளுப்பா, கொத்தறதப் பாரு! பள்ளம் வெட்டறதுன்னா எங்க கிட்ட கத்துக்கோ" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு பேஜார் இல்லை. பழைய டயர்களைப் பாதி புதைத்து, நடைபாதைக்கும் வண்டித் தடத்துக்கும் நடுவே வேலி வைத்தோம். அக்கா காட்டிய ஆறு இடங்களையும் இரும்புக் குழாய் நட்டு, கம்பி கட்டி அடைத்தோம். தடம் தொடங்கும் தெற்கு மூலையில் ஒரு கேட்டும் வைத்தோம்.

எச்சரிக்கைப் பலகைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை யாழினி எடுத்துக்கொண்டாள். கன்னடத்தைப் பாபு எழுதினான், தமிழை இவள் எழுதினாள். கேட்டு எழுதினால் போதும், பார்த்து எழுதத் தேவையில்லை என்ற தைரியம். ஆறு பலகைகளிலும் பெரிய சிவப்பு எழுத்தில் 'ஆபத்து! ஆளமான குளி' என்று எழுதி வரிசையாகக் காயவைத்திருந்தாள்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள். "இன்னாடி இது? இந்தப் பொட்டல்ல யாருடி வந்து குளிக்கப் போறான்?"

"அத்த, குளி! ஹோல்!"

"அது குழி."

"அதான் சொல்றேன், குளி."

"வாயில வரலன்னா பரவால்ல, எனக்கே வராது. கையில வரணும்டி. எழுது, மத்ததெல்லாம் அப்டியே வுடு, அந்த 'ள', 'ளி' ரெண்டயும் அழி."

ஆறு பலகைகளையும் அழித்து எழுதினாள். சலித்துக்கொள்ளவில்லை. முடிந்ததும், "என் பேர்ல வர்ற அதே எழுத்து" என்று தனக்குள் சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன்.

திறந்த நாளில் முதல் சுற்று யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. பாபுதான் ஓட்டவேண்டும் என்று அவன் ஆட்கள் சொன்னார்கள். அவன், "பாப்பா ஓட்டட்டும்" என்று தன் பைக் சாவியை யாழினியிடம் கொடுத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் லைன் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மேடுகளில் எழுந்து நின்று, வளைவுகளில் சாய்ந்து, தூசி அதிகம் கிளப்பாமல் ஓட்டினாள். உச்சியின் வளைவில் வேகத்தைக் குறைத்துக் கம்பி வேலியைச் சுற்றிப் போனாள். மேலே ஒரு கணம் நிறுத்தி, கோபுரங்களைப் பார்த்தாள். கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி, "யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். "கௌதமி வூட்டுப் பொண்ணு" என்று யாழினியே சொன்னாள்.

என் பெயரைச் சொல்லவில்லையே என்று ஒரு நொடி இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

திரும்பி வந்தபின் அவள் என்னோடு ஆங்கிலம்தான் பேசுகிறாள். கல்லூரி, நண்பர்கள், பகுதிநேர வேலை என்று வீட்டில் இருப்பதே குறைவு. ஆனால் அத்தைக்கும் அவளுக்கும் தினம் குரல் செய்தி ஓடுகிறது. ஓட்டைத் தமிழும் ஓட்டை ஆங்கிலமுமாக என்னவோ பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எதுவும் சொல்வதில்லை. ஊர் விஷயம் எனக்கு இப்போது மகள் மூலமாகத்தான் தெரிகிறது.

6

ஐப்பசி மழை போன வருடம் பலமாகப் பெய்தது. ஒரு திங்கட்கிழமை, நான் வேலைக்குக் கிளம்பும்போது யாழினி ஃபோனோடு ஓடிவந்தாள். "அப்பா, பாருங்க" என்று தமிழில் சொன்னாள்.

படத்தில் வேலமரம் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய கறுப்பு வாய். ஒரு லாரி உள்ளே போகலாம், அவ்வளவு அகலம். ஞாயிறு மதியம் இறங்கியிருக்கிறது. சரியாக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வேலியின் இரண்டு குழாய்கள் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தன. தடம் முப்பதடி தள்ளி அப்படியே இருந்தது. தடத்தில் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டியவர்கள் எல்லாரும் இறங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் முதலில் வரைந்த நேர்த்தடம் எங்கே ஓடியிருக்கும் என்று படத்தில் விரலால் பார்த்தேன். அந்த வாயின் நட்டநடுவில். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. பாபு சிறுபிள்ளை மாதிரி அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னாள். "அவனுக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கினு கீறேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

கோலாரிலிருந்து அதிகாரி அன்றே வந்தார். பள்ளத்தைச் சுற்றிப் பெரிய வேலி போட ஏற்பாடு செய்தார். தடத்தின் மேல்பகுதியை இன்னும் நூறடி தள்ளிப் போடச் சொன்னார். அக்கா ஏற்கெனவே அங்கே நடந்து பார்த்து, குச்சி நட்டு வைத்திருந்தாள். மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. போன வாரம் நிரந்தர அனுமதி வந்துவிட்டது.

அந்தக் காகிதத்தோடு இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. பழைய சுரங்க நிலங்களில் எங்கெங்கே தரை உள்வாங்கும் என்று பார்க்க ஒரு குழு அமைக்கிறார்கள். நிலவியல் படித்தவர்கள் இருவர், சர்வேயர்கள் மூவர், கூடவே திருமதி கௌதமி, பாலகாட். ஊரின் ஒரு கோடியில் இருக்கும் மாரிக்குப்பத்திலிருந்து ஆரம்பித்து ஊர் முழுவதும் அவர்கள் அவளோடு நடக்கப் போகிறார்கள். லைன் வீடுகளில் அந்தக் கடிதத்தை ஆளாளுக்கு வாங்கிப் படித்தார்களாம். அவளோடு விடியற்காலையில் ரயிலுக்கு நடந்த பெண்கள், தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்கும் கால் இருக்கிறது என்று.

நேற்று ஃபோனில் கேட்டேன். "என்னக்கா, போவப் போறியா?"

"போவாம? வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் என்னால ஆவாதுன்னு கண்டிசனா சொல்லிட்டேன்."

"ஏன்?"

"இன்னாடா கேள்வி இது? ஞாயித்துக்கிழமை கேட்டுல நான் நிக்கலன்னா வண்டிய யாரு வுடறது?"